புதுப்பிப்பு: கொட்டகையில் கிடைத்த 1962 வோல்வோ பி1800, இன்ஜின் சுற்றிவிட்டது

இந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் இறுகிப்போன இன்ஜினை எப்படி இளக்குவது, பழைய பெயிண்டை உரித்துப் புதிதாக அடிக்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

தயாரிப்பு ஸ்வீடனுக்கு மாறும் முன், இங்கிலாந்தில் ஜென்சன் என்ற கார் நிறுவனம் பூட்டிய சுமார் 6,000 வண்டிகளில் இது ஒன்று. அதனால்தான் அவசரப்படவில்லை.

பலித்தது, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் (ஏடிஎஃப்) அசிட்டோனும் சரிபாதி கலக்கச் சொன்ன யோசனை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, நான்கு சிலிண்டரிலும் தினமும் கொஞ்சம் ஊற்றினேன். ஒன்பதாம் நாள் கிராங்க் (இன்ஜினின் முதன்மைச் சுழல்தண்டு) போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி மெல்ல முன்னும் பின்னும் அசைத்தேன். ஒரு விரற்கடை நகர்ந்தது! எனக்குக் கை நடுங்கிவிட்டது. சிலிண்டரில் திரவம் தேங்கியிருக்கும்போது ஸ்டார்ட்டரைத் தொட்டால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும் என்று எச்சரித்தவருக்குத் தனி நன்றி. கலவையை வெளியேற்றி, இன்ஜின் ஆயிலையும் மாற்றிவிட்டேன்.

எதிர்பாராதது பெயிண்ட். கதவோரம் உள்ளங்கை அளவு கழுவிப் பாலிஷ் போட்டதும் பழைய வெள்ளை அப்படியே மின்னியது. அதை உரிக்க மனம் வராது. ஆனால் கம்பளத்துக்கு அடியில் துரு அரித்த டிரைவர் பக்கத் தரைத்தகட்டில் ஸ்க்ரூடிரைவர் பொத்தென்று இறங்கியது.

ஆக, தரைத்தகடு, பிரேக் குழாய்கள், எரிபொருள் குழாய்கள் மட்டும் புதிது. வெளித்தோற்றத்தில் கைவைக்கப் போவதில்லை.