ஜெர்மனியில் யாரோடு யார் குடியிருப்பது? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு

ஓசூர், பாலக்கோடு, அரூர் பக்கமிருந்து புதிதாக வந்திறங்கும் தம்பி தங்கைகளுக்கு இது. ஊரில் அட்வான்ஸ் கொடுத்துச் சாவி வாங்கினால் வேலை முடிந்தது. சித்தப்பா மகன் வந்து நாலு மாதம் தங்கினாலும் வீட்டுக்காரர் பெரிதாகக் கேட்கமாட்டார். இங்கே வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதற்கு எழுத்து வேண்டும்.

தனியாளாக வருபவர்கள் பெரும்பாலும் பகிர்வு வீட்டில், அதாவது 'வேகே'யில், ஓர் அறை எடுப்பார்கள். பணம் அனுப்பும் முன் ஒப்பந்தம் எந்த வகை என்று பாருங்கள். எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தால், ஒருவர் வாடகை தராதபோது முழுத் தொகையையும் உங்களிடமே கேட்கலாம். நீங்கள் மட்டும் தனியாக ஒப்பந்தத்தை முறிக்கவும் முடியாது. ஒருவர் பெயரில் வீடு, மற்றவர்கள் உள்வாடகை என்றால், வீட்டு உரிமையாளர் தந்த சம்மதக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். 'நம்ம ஊர் அண்ணன்தானே' என்று கேட்காமல் விடாதீர்கள். சம்மதம் இல்லையென்றால் அந்த அண்ணனின் ஒப்பந்தமே ரத்தாகலாம், உங்களுக்கும் இடம் போய்விடும்.

முன்பணம் அதிகபட்சம் 3 மாத அடிப்படை வாடகை ('கால்ட்மீட்டெ', அதாவது வெப்பமூட்டல், தண்ணீர் போன்ற செலவு சேராத வாடகை). அதை மூன்று மாதத் தவணையாகக் கட்ட உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. காலி செய்ய 3 மாத அறிவிப்பு வேண்டும். கையெழுத்திட்ட கடிதம் அந்த மாதத்தின் மூன்றாம் வேலைநாளுக்குள் போய்ச் சேர்ந்தால்தான் அந்த மாதம் கணக்கில் வரும். மின்னஞ்சல் செல்லாது.

குடியேறிய 2 வாரத்துக்குள் முகவரிப் பதிவு ('அன்மெல்டுங்') செய்ய வேண்டும். அதற்கு வீடு கொடுத்தவரின் உறுதிக் கடிதம் தேவை. 'தங்கிக்கோ, பதிவு மட்டும் வேண்டாம்' என்பவரிடம் அறை எடுக்காதீர்கள். பதிவு முடிந்ததும் வரி எண் தபாலில் வரும். நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்: தபால் பெட்டியில் உங்கள் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருந்தால் கடிதம் அந்தப் பெயரில்தான் வரும். பெட்டியில் இரண்டு பெயரையும் ஒட்டுங்கள்.

பொது வானொலி, தொலைக்காட்சிக்கான ஒளிபரப்புக் கட்டணம் வீட்டுக்கு ஒன்றுதான், மாதம் 18.36 யூரோ. உடன் இருப்பவர் கட்டினால் அவருடைய கட்டண எண்ணை எழுதி அனுப்பி விலக்கு வாங்குங்கள். சும்மா விட்டால் பாக்கி ஏறிக்கொண்டே போகும்.

ஓசூர்க்காரர் ஒருவரின் பதில்:

மேலே அண்ணா சொன்னதோடு, அப்பா அம்மாவை அழைப்பது பற்றியும் சொல்கிறேன். சுற்றுலா விசாவில் 180 நாளில் 90 நாள்தான். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். செலவை நீங்கள் ஏற்பதாகத் தரும் பொறுப்புப் பத்திரத்தை இங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் வாங்கி அசலையே ஊருக்கு அனுப்ப வேண்டும். கட்டணம் 29 யூரோ. அந்த அலுவலகத்தில் சந்திப்பு நேரம் கிடைக்கத் தாமதமாகும், அதனால் டிக்கெட்டுக்கு முன் இதைப் பாருங்கள். ஆறு வாரத்துக்கு மேல் தங்குவார்கள் என்றால் வீட்டு உரிமையாளருக்கு ஒரு வரி எழுதித் தெரிவித்துவிடுவது நல்லது.

நிரந்தரமாக அழைத்து வருவதை ஆறப்போட்டு யோசியுங்கள். திறன் பணியாளராக முதல் குடியிருப்பு அனுமதியை 2024 மார்ச் 1 அன்றோ பிறகோ பெற்றவர்களுக்குப் பெற்றோரை அழைக்க வழி திறந்திருக்கிறது. தடையாக நிற்பது மருத்துவக் காப்பீடு. அரசுக் காப்பீட்டில் உங்களோடு சேர்ந்து வருவது கணவன் மனைவியும் பிள்ளைகளும்தான், பெற்றோர் இல்லை. 55 வயது கடந்தவருக்கு அரசுக் காப்பீட்டுக் கதவு கிட்டத்தட்ட மூடியேதான் இருக்கும். தனியார் காப்பீட்டில் மாதத் தொகை கனமாக வரும், பழைய சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் ஏறும். விசாவைப் பார்க்கும் முன்பே காப்பீட்டு விலையைக் கேளுங்கள்.

ஊரில் விட்டு வந்த மகனோ மகளோ 18-ஐ நெருங்கினால் அதை முதலில் பாருங்கள். 18 முடிவதற்குள் விண்ணப்பம் போக வேண்டும். பிறகு அவர்கள் சொந்தமாகப் படிப்பு விசாவோ வேலை விசாவோ எடுத்துத்தான் வரவேண்டும். ஓசூருக்குப் பெங்களூருதான் பக்கம் என்றாலும், நீண்டகால விசாவுக்கு நம் மாவட்டங்கள் சென்னையிலுள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்தின் கீழ் வருகின்றன.

இன்னொருவரின் பதில்:

பெரியவர்கள் வந்ததும் முதல் நாளே குளியலறையைக் காட்டிச் சொல்லுங்கள். பெரும்பாலான வீடுகளில் தரையில் தண்ணீர் போகும் துளை கிடையாது. வாளியும் மக்குமாகத் தரையில் நின்று குளித்தால் கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகும். பிறருக்கு நீங்கள் ஏற்படுத்தும் சேதத்தை ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீடு ஒன்று கட்டாயம் எடுத்து வையுங்கள்.

நாலு பேர் இருந்து மூன்று வேளையும் அடுப்பு எரிந்தால் குளிர்காலத்தில் சுவரில் பூஞ்சை படியும். ஒரு நாளைக்கு மூன்று முறை, 5 முதல் 10 நிமிடம், சன்னலை அகலத் திறந்து மூடுங்கள். சன்னலின் மேல்பக்கத்தை மட்டும் சாய்த்து வைத்து நாள் முழுக்க விட்டால் சுவர் குளிர்ந்து பூஞ்சை கூடும். இதற்காக முன்பணத்தில் பிடிக்கவும் செய்வார்கள்.

அம்மா களிக்குக் கேழ்வரகு மாவு கொண்டு வரட்டும். நெய் வேண்டாம், பால்பொருள் தடை. கிருஷ்ணகிரி மாம்பழமும் தாவர நலச் சான்று இல்லாமல் விமான நிலையத்தைத் தாண்டாது.