பைக் விண்ட்ஷீல்டின் உயரத்தை வீட்டிலேயே குறைத்தவர்களின் அனுபவங்கள்

மழை இரவில் உயரமான விண்ட்ஷீல்டு வழியாகச் சாலையைப் பார்த்து ஓட்டியவர்களுக்கு அதன் தொல்லை தெரியும். எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் ஒவ்வொரு நீர்த்துளியிலும் பட்டுச் சிதறும். ஹெல்மெட் கண்ணாடியில் ஏற்கெனவே ஈரம், அதற்கு முன்னால் இன்னொரு ஈரத் திரை. எது குழி, எது நிழல் என்று பிரித்தறிய முடியாது. விண்ட்ஷீல்டுக்கு மேலாகச் சாலையைப் பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

என் பைக்கில் அதன் மேல் விளிம்பு சரியாகக் கண் மட்டத்தில் நின்றது. இருப்பதிலேயே மோசமான உயரம் அதுதான். கழற்றி மேசையில் வைப்பதற்கு முன்பே உயரத்தை முடிவு செய்தேன். ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் அணிந்து, வழக்கமாக ஓட்டும்போது தோள் எப்படித் தளர்ந்திருக்குமோ அப்படி அமர்ந்தேன். அளவெடுக்கும்போது நம்மை அறியாமல் நிமிர்ந்துவிடுவோம். அந்த நிமிர்வு கோட்டை உயர்த்திவிடும். மூக்கு நுனியின் மட்டத்தில் தம்பி ஒரு கோடு போட்டான். அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்த பகுதி முழுவதையும் மாஸ்கிங் டேப்பால் மறைத்துவிட்டு மீண்டும் அமர்ந்து பார்த்தேன். டேப்புக்கு மேலே, முன்சக்கரத்துக்குச் சற்றுத் தொலைவிலிருந்தே சாலை தடையின்றித் தெரிந்தது. ஆனாலும் முதலில் இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தியே அறுத்தேன். அறுத்ததை ஒட்ட முடியாது. இன்னும் கொஞ்சம் அறுக்க எப்போதும் முடியும்.

இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வர, கெட்டியான தாளில் பழைய மேல் விளிம்பின் வளைவைப் படியெடுத்து, நடுவில் மடித்து, ஒரு பாதியை மட்டும் வெட்டி விரித்துக்கொண்டேன். அதைக் கீழே இறக்கி வைத்து வரைந்தால் பழைய வடிவமே புதிய உயரத்தில் கிடைக்கிறது.

என்னுடையது பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். அது எளிதில் உடையாது, ஆனால் சூட்டில் இளகும். ஜிக்சா மின்ரம்பத்தை வேகமாக ஓட்டினால் உருகிய தூள் பிளேடுக்குப் பின்னாலேயே மீண்டும் ஒட்டிக்கொள்ளும். நுண்பற்கள் கொண்ட பிளேடு, குறைந்த வேகம், இடையிடையே ஆறவிடுதல் ஆகிய மூன்றும் போதும். இரு பக்கமும் டேப் ஒட்டி, கோட்டுக்கு அருகிலேயே துணி சுற்றிய மரக்கட்டைகளுக்கு இடையில் கிளாம்ப் போட்டேன். விண்ட்ஷீல்டு அதிர்ந்தால்தான் விரிசல் தொடங்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

அறுப்பதைவிட விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கவே அதிக நேரம் பிடித்தது. அந்த நேரத்தைக் கொடுக்கத்தான் வேண்டும். முதலில் அரம், பிறகு 120, 220, 400 எண் உப்புத்தாள்கள், கடைசியில் 600-ஐ நீரில் நனைத்து. விரலால் தடவினால் தட்டையாக இல்லாமல் உருண்டையாகத் தெரிய வேண்டும். விபத்தில் கழுத்துக்கு நேராக இருக்கப்போகும் விளிம்பு அது.

——

என்னுடையது அக்ரிலிக் என்னும் இன்னொரு வகை பிளாஸ்டிக். பாலிகார்பனேட்டைப் போல இது வளைந்து கொடுக்காது, விளிம்பில் செதில் செதிலாகப் பெயரும். அதனால் மின்ரம்பத்தைத் தொடவில்லை. ஹாக்சா பிளேடால் பொறுமையாகக் கையாலேயே அறுத்தேன். மூலைகளைக் கூராக விடாமல் வளைத்துவிடுங்கள். விரிசல் பெரும்பாலும் கூரான மூலையிலிருந்துதான் கிளம்பும்.

இன்னொன்று: டேப்பின் பசை போகவில்லை என்று நண்பர் ஒருவர் பெட்ரோலில் துடைத்தார். வெட்டிய விளிம்பை ஒட்டி மெல்லிய நரம்புகள் போல வெடிப்புகள் ஓடிவிட்டன. பெட்ரோல், தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் வேண்டாம். திருகாணி கழலாமல் இருக்கப் போடும் பசைத் திரவமும் பாலிகார்பனேட்டை வெடிக்கச் செய்யும். திருகும் இடத்தில் கவனம். சோப்பு நீரும் பருத்தித் துணியும் போதும்.

——

பார்வைக்காக மட்டுமல்லாமல் காற்றுக்காகவும் உயரத்தைக் குறைக்கலாம் என்பதற்கு நான் சாட்சி. பழைய உயரத்தில், விளிம்பைத் தாண்டிய காற்று சுழன்று ஹெல்மெட்டின் மேல் பாதியில் மோதியது. நெடுஞ்சாலை வேகத்தில் தலை இடைவிடாமல் ஆடும், நீண்ட பயணத்தின் முடிவில் கழுத்து வலிக்கும். குறைத்த பிறகு சுழலாத காற்று ஹெல்மெட்டில் நேராகப் படுகிறது. இரைச்சல் இருக்கிறது, ஆனால் ஒரே சீராக இருக்கிறது; ஆட்டம் நின்றுவிட்டது. தோள்களில் முன்பைவிடக் காற்று அதிகம், குளிரில் அது உறைக்கிறது.

உங்கள் விண்ட்ஷீல்டின் மேல் நுனி வெளிப்புறமாக வளைந்திருந்தால் மட்டும் யோசியுங்கள். காற்றை மேலே தூக்கிவிடும் வேலையை அந்த வளைவுதான் செய்கிறது. அதை வெட்டிவிட்டால் உயரம் சில சென்டிமீட்டர்தான் குறையும், ஆனால் காற்றின் பாதை அதைவிட மிகவும் கீழே இறங்கிவிடும். அப்படிப்பட்ட வண்டிக்கு, கம்பெனி விண்ட்ஷீல்டைப் பத்திரமாகக் கழற்றி வைத்துவிட்டு, மலிவான மாற்று ஒன்றை வாங்கி அதில் அறுத்துப் பார்ப்பதையே சொல்வேன்.