சங்க மலருக்கு: டி.வி.எஸ் பஸ் கட்டுரையில் திருத்தங்களும், கரி பஸ் ஓடிய விதமும்

அனைவருக்கும் வணக்கம்.

மலர்க்குழு சுற்றுக்கு விட்ட பஸ் கட்டுரையைப் படித்தேன். சில இடங்களைத் திருத்த வேண்டும். போர்க்காலத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரி வாயுவில் ஓடிய கரி பஸ்ஸுக்கு இரண்டே வரி ஒதுக்கியிருக்கிறீர்கள், அந்த இடத்தைத்தான் விரிக்க வேண்டும். அச்சுக்குப் போகும் முன் இவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொடக்கம்: திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்காரின் கம்பெனியான டி.வி.எஸ் 1911-ல் மதுரையில் பிறந்தது. அடுத்த ஆண்டிலேயே தஞ்சாவூர் – புதுக்கோட்டை பஸ் ஓடத் தொடங்கிவிட்டது. மதுரைக் கம்பெனிக்கு இந்தத் தடத்தில் என்ன வேலை என்று கட்டுரையில் கேட்டிருக்கிறீர்கள். ரயில் வரைபடத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். தஞ்சாவூர் மெயின் லைனில் இருந்தது; புதுக்கோட்டை சமஸ்தானத் தலைநகருக்கோ 1929 வரை ரயிலே கிடையாது. ரயிலைப் பிடிக்க வேண்டிய வக்கீல், வியாபாரி, அதிகாரி எல்லாருக்கும் மாட்டு வண்டிதான் கதி. கையில் காசுள்ள பயணிகள், அறுபது கிலோமீட்டர் போல தூரம், ரயில் போட்டி இல்லை; பஸ் தொழிலுக்கு வேறென்ன வேண்டும்? தஞ்சாவூரையும் புதுக்கோட்டையையும் நேராக இணைக்கும் ரயில் பாதை இன்றைக்கும் இல்லை.

"டி.வி.எஸ் பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைக்கலாம்" என்ற பேச்சை அப்படியே போட்டிருக்கிறீர்கள். போடுங்கள், ஆனால் காரணத்தையும் எழுதுங்கள். டிரைவரின் நல்ல குணத்தால் மட்டும் பஸ் நேரத்துக்கு வராது. வழியில் வண்டி படுக்கக் கூடாது, படுத்தால் மாற்று வண்டி உடனே வர வேண்டும். ஒரே கம்பெனி பஸ்ஸும் ஓட்டி, வண்டியும் விற்று, உதிரி பாகமும் வைத்து, தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங்கும் செய்தது. ஒற்றை பஸ் முதலாளி ஒரு ஆக்ஸிலுக்காக வண்டியை நாள்கணக்கில் நிறுத்திப்போட்ட காலத்தில், சொந்த ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர் நேரத்துக்கு ஓட்டியதில் அதிசயம் இல்லை.

இனி கரி பஸ். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் கம்பெனி சொந்தமாகவே கரியிலிருந்து எரிவாயு எடுக்கும் கேஸ் பிளான்ட் செய்து வண்டிகளில் மாட்டியது. கட்டுரையில் "நீராவியில் ஓடியது" என்றிருப்பது தவறு. கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் வரும் கார்பன் மோனாக்சைடுதான் எரிபொருள். பெட்ரோல் ஆவி போகும் வழியிலேயே அது என்ஜினுக்குள் போகும். என்ஜின் பழைய என்ஜின்தான்.

பிளான்ட் என்பது ஓர் இரும்பு உருளை. மேலே கரி கொட்டும் மூடி, அடியில் காற்று நுழையும் குழாய், சாம்பல் வாரும் கதவு. அங்கிருந்து வரும் வாயு தூசி தட்டும் அறை, குளிர்விக்கும் குழாய்கள், வடிகட்டி எல்லாம் தாண்டி, காற்றோடு கலக்கும் வால்வுக்கு வரும். காலையில் பழைய சாம்பலை வாரி, கட்டி தட்டிய கசடை உடைத்து, கரி நிரப்பி, மண்ணெண்ணெய்த் துணியால் பற்றவைத்து, காற்றடிக்கும் ப்ளோயரைக் கையால் சுற்ற வேண்டும். பத்து நிமிடம் போனதும் சோதனைக் குழாயில் தீக்குச்சி காட்டினால் சுடர் அணையாமல் நின்று எரிய வேண்டும். விட்டு விட்டு எரிந்தால் இன்னும் சுற்று. இருக்கிற கொஞ்சம் பெட்ரோலில் என்ஜினைக் கிளப்பி, பிறகு வாயுவுக்கு மாற்றுவார்கள்.

ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலைக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ கரி பிடிக்கும். வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன் என்பதால் என்ஜினின் சக்தியில் நாற்பது, ஐம்பது சதவீதம் போய்விடும். மேட்டில் பயணிகள் இறங்கித் தள்ளிய கதைகளுக்குக் காரணம் இதுதான். வாயு மெதுவாக எரிவதால் ஸ்பார்க் டைமிங்கையும், அதாவது பொறி விழும் நேரத்தையும், முன்னால் தள்ளி வைக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் இருக்கிற சக்தியும் கிடைக்காது.

தொல்லைகளில் பாதி கரியிலிருந்தே வந்தது. கருவேலம் போன்ற கெட்டி மரத்துக் கரி நல்லது. சரியாக வேகாத கரியில் தார் கசிந்து என்ஜினின் வால்வு தண்டில் ஒட்டும். மறுநாள் காலை வால்வு நகராது. தூள் அதிகமானால் காற்று ஏறாது, பெரிய துண்டுகள் நடுவில் பாலம் கட்டி நின்றால் கீழே வெற்றிடம் விழும். கம்பியால் குத்தி இறக்க வேண்டும். வடிகட்டியைச் சுத்தம் செய்யாமல் ஓட்டினால் சாம்பல் தூசி ஆயிலில் கலந்து, பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். இதையெல்லாம்விட ஆபத்து, மூடிய ஷெட்டுக்குள் பற்றவைப்பது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, ஆளைக் கொல்லும்.

அடுத்து அரசுடைமை. "1967-ல் ஒரே நாளில் பறித்தார்கள்" என்பது சரியல்ல. 1967-ல் அண்ணா அரசு எடுத்த முடிவு, 75 மைலுக்கு மேற்பட்ட தடங்களையும், சென்னையிலிருந்து கிளம்பும் தடங்களையும், கன்னியாகுமரி மாவட்டத் தடங்களையும் அரசே நடத்துவது. பெரிய கம்பெனிகளின் வண்டிகளைக் கையகப்படுத்தும் சட்டம் 1971-ல் வந்தது. டி.வி.எஸ் பஸ்கள் 1972 ஜனவரியில் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட பாண்டியன் ரோடுவேஸ் என்ற அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆயின. சோழன் ஆனது கும்பகோணத்து ராமன் அண்ட் ராமன் பஸ் கம்பெனி, பொள்ளாச்சி ஏ.பி.டி. பஸ் கம்பெனி சேரன் ஆனது. இந்த மூன்றையும் கட்டுரை குழப்பியிருக்கிறது. சட்டம் குறிவைத்தது பெரிய கம்பெனிகளை. அதனால்தான் நம் பக்கத்தில் சின்ன முதலாளிகளின் தனியார் பஸ் இன்றும் ஓடுகிறது. வருமானம் இல்லாத உள்கிராமத் தடங்களுக்குப் பஸ் வந்தது பெரும்பாலும் இந்த அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் காலத்தில்தான் என்பதையும் ஒரு வரி சேருங்கள். நேரம் தவறாத பஸ்ஸைப் புகழ்கிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

படம் அனுப்புகிறவர்களுக்கு: பஸ் நிற்கும் பழைய படத்தின் காலத்தை வண்டியே சொல்லும். பக்கவாட்டில் பாண்டியன், சோழன் என்றிருந்தால் 1972-க்குப் பின், 1997-க்கு முன். மருதுபாண்டியர் என்றிருந்தால் 1983-க்கும் 1997-க்கும் இடையில். 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததை ஒட்டி எழுந்த கலவரத்துக்குப் பிறகு கழகங்களிலிருந்து தலைவர், மன்னர் பெயர்கள் எல்லாமே நீக்கப்பட்டன. நம்பர் பிளேட்டில் மாவட்ட எண் இருந்தால், உதாரணமாக டி.என் 55 என், படம் 1989-க்கு முந்தியதாக இருக்காது. உள்ளே திருக்குறள் பலகை தெரிந்தால் 1967-க்குப் பின். பெயர்ப்பலகையை வெட்டிவிடாமல் முழுப் படத்தையும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். டிக்கெட் இருந்தால் இரு பக்கமும் வேண்டும்.