வரப்பில் கிடந்த விதைப் பொட்டலம்: காய்ப்புழு அனுபவங்கள்

சாயல்குடி உறுப்பினர்:

எங்கள் கரிசலில், புழுவைக் கொல்லும் பாக்டீரியாப் புரதத்தைச் செடியே உண்டாக்கும் பி.டி. பருத்தி விதைத்த முதல் சில ஆண்டுகளில் பச்சைக் காய்ப்புழுவுக்கு மருந்தடிக்கும் வேலை வெகுவாகக் குறைந்திருந்தது. பிறகு ஒரு மாசி மாதம், வெளியே துளை எதுவும் தெரியாத காய்களைப் பிளந்து பார்த்தபோது, கறை படிந்த பஞ்சுக்குள் இளஞ்சிவப்புக் காய்ப்புழு விதையைக் குடைந்துகொண்டிருந்தது. இதழ் விரியாமல் ரோஜா மொட்டுப்போல் கூம்பி நின்ற பூக்களை முன்னரே கண்டிருந்தும், அவை அப்புழுவின் அடையாளம் என்று அறியாதிருந்தேன்.

450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதையும் தனிப் பொட்டலமாக வந்தது. வயலைச் சுற்றி அதை ஐந்து வரிசை ஊன்ற வேண்டியிருந்தது. "அதைப் போட்டால் புழுதான் வரும்" என்று விற்றவர் சொன்னதைக் கேட்டு, பொட்டலத்தை வரப்பிலேயே விட்டுவிட்டேன். புழு வளர்வதற்காகவே அவ்விதையைத் தந்தார்கள் என்பது பின்னர்தான் புரிந்தது.

பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக பி.டி.) என்ற பாக்டீரியாவின் புரதம், புழுவின் காரத்தன்மை கொண்ட நடுக்குடலில் குடற்சுவரைப் பற்றித் துளையிட்டுக் கொல்கிறது. அது பற்றிக்கொள்ளும் இடங்களில் ஒன்றான கேட்ஹெரின் புரதத்தின் மரபணு மாறிவிட்டால் நஞ்சுக்குப் பிடி கிடைப்பதில்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணுவைப் பெற்ற புழுவே பெரும்பாலும் பிழைக்கும் என்பதால், சாதாரணச் செடியில் வளர்ந்த அந்துப்பூச்சிகள் ஏராளமாக இருந்தால், பிழைத்த ஒன்றிரண்டும் அவற்றோடு கூடி, பிறக்கும் புழுக்கள் பி.டி. செடியில் மடிந்துபோகும். என் வயலிலோ பிழைத்தவை பிழைத்தவற்றோடு கூடுவதற்கே வழி செய்திருந்தேன். 2002 இல் அனுமதி பெற்ற ஒற்றைப் புரதப் பருத்தியை இப்புழு தாங்கிக்கொண்டது குஜராத்தில் உறுதியானதாக 2010 இல் செய்தி வந்தது. இரண்டாம் புரதம் சேர்த்த விதையும் அதன்பின் நெடுநாள் தாக்குப்பிடிக்கவில்லை.

தேவிபட்டினம் உறுப்பினர்:

அண்ணன் எழுதியதைப் படித்ததும் என் முண்டு மிளகாய்த் தோட்டம் நினைவுக்கு வந்தது. வெயில் பட்டால் வீரியம் போய்விடும் என்று மாலை நேரத்தில், பி.டி. பாக்டீரியா மருந்தை மட்டும் வாரந்தோறும் அடித்து வந்தேன். ஹவாய் தீவுகளில் இவ்வாறே தெளித்த வயல்களில் முட்டைக்கோசைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி எதிர்ப்புத் திறன் பெற்றது 1990 இல் வெளியானதைப் படித்தபின் அப்பழக்கத்தை விட்டேன். காய்த்துளைப்பானுக்கு இப்போது, புழுவுக்கு நோய் உண்டாக்கும் என்.பி.வி. வைரஸ் கரைசலை இடையிடையே மாற்றி அடிக்கிறேன்.

சாயல்குடி உறுப்பினர்:

தம்பி செய்தது பருத்திக்கும் நல்லது. உங்கள் காய்த்துளைப்பானும் எங்கள் பச்சைக் காய்ப்புழுவும் ஒன்றே. மிளகாய், தக்காளி, கொண்டைக்கடலை என்று பலவற்றைத் தின்பதால், நஞ்சுக்குப் பணியும் அந்துப்பூச்சிகள் அவ்வயல்களிலிருந்தும் வந்து கலக்கும். தெளிக்கும் மருந்திலும் பருத்தியிலுள்ள அதே வகைப் புரதம் இருப்பதால், மிளகாயிலும் அதையே ஓயாமல் அடித்தால் அந்த வரவு குறைந்துவிடும். இளஞ்சிவப்புப் புழுவோ பெரும்பாலும் பருத்தியை மட்டுமே நம்பியிருப்பதால், சாதாரணப் பருத்தியைத் தவிர, நஞ்சுக்குப் பணியும் புழு வளர வேறு புகலிடம் இல்லை. கடைசி எடுப்பு முடிந்ததும் பருத்தி மாரை (காய்ந்த செடிகளை) வயலோரம் அடுக்கி வைப்பதையும் நிறுத்திவிட்டேன்; அதில் தொங்கும் காய்ந்த காய்களுக்குள்தான் புழு அடுத்த விதைப்பு வரை உறங்குகிறது.