அரச வேலைத் திட்டம் ஏதும் இருக்கிறதா, தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே, நாங்கள் இலங்கையில் கிளிநொச்சி தருமபுரம் பக்கம். தம்பிக்கு நெடுங்காலமாக நிரந்தர வேலை இல்லை, வெட்டு மெசின் வந்தபிறகு அறுவடைக் கூலியும் குறைந்துவிட்டது, சாதாரண தரப் பரீட்சை (O/L) சித்தியில்லை என்பதால் எங்கே போனாலும் திருப்பி அனுப்புகிறார்கள். 2020இல் பல்நோக்கு அபிவிருத்திச் செயலணி என்ற அரசாங்க வேலைத் திட்டத்தில் இப்படியான வறிய வீட்டுப் பிள்ளைகளைத்தான் எடுத்து, 6 மாதப் பயிற்சியும் 22,500 ரூபா கொடுப்பனவும் தந்து அரச வேலைக்கு விட்டார்கள். நல்ல திட்டம், தொடர்ந்து நடக்க வேண்டியது. இப்போது அப்படி ஏதும் இருக்கா? பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் பதிய விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதம் வேணுமா? வாய்க்கால் துப்புரவு, பள்ளிக்கூடக் காவல் எதுவென்றாலும் செய்வான், வாகனம் ஓட்டுற லைசென்ஸும் இருக்கு. வெளிநாடு போகவென்று காணியை ஈடு வைக்கச் சொல்லி அம்மாவிடம் நிற்கிறான், அதற்கு முதல் யாராவது ஒரு வழி சொல்லுங்கோ.