கேம் ஸ்டிக் நடுவில் அணைந்து அணைந்து வருகிறது, உதவுங்கள் (அவசரம்)

வல்லம்_ராஜா:
வணக்கம். சனிக்கிழமை பையனுக்குப் பிறந்தநாள். டிவியில் சொருகி விளையாடும் கேம் ஸ்டிக் ஒன்று 1,900 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். பத்தாயிரம் கேம் இருக்கிறதாம். லோகோ வருகிறது, பட்டியலும் வருகிறது. எதையாவது ஆரம்பித்தால் ஒரு நிமிடத்தில் திரை கறுத்துப்போய் மறுபடி லோகோவில் வந்து நிற்கிறது. கடைக்காரர் மாற்றித் தர மாட்டேன் என்கிறார். சீக்கிரம் யாராவது சொல்லுங்கள்.

சிவகாசி_மணி:
என்ன மாடல்? என்ன டிவி? ஸ்டிக்குக்குக் கரன்ட் எங்கிருந்து கொடுக்கிறீர்கள்? எல்லா கேமிலும் இப்படியா, ஒன்றிரண்டில் மட்டுமா? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

திருநகர்_பாலா:
எச்டிஎம்ஐ ஒயர்தான். கூடவே ஒரு குட்டி நீட்டிப்பு ஒயர் தந்திருப்பார்களே, அதைக் கழற்றிவிட்டு நேராக டிவியில் சொருகுங்கள். எங்கள் வீட்டில் அதோடு சரியானது.

சிவகாசி_மணி:
பாலா, ஒயர் கெட்டால் படம்தான் போகும். லோகோவிலிருந்து மறுபடி ஏன் ஆரம்பிக்க வேண்டும்? அது வேறு கோளாறு.

மெமரிகார்டு_செல்வம்:
கார்டு, கார்டு, கார்டு. ஸ்டிக்கில் கேம்கள் இருக்கும் மெமரி கார்டுதான். இதுவரை நான்கு ஸ்டிக் பார்த்துவிட்டேன், மூன்றில் கார்டுதான் போயிருந்தது. கம்பெனி பெயர்கூட இருக்காது, 64 ஜிபி என்று மட்டும் அச்சிட்டிருப்பார்கள். இன்றைக்கே கணினியில் போட்டு முழுக் கார்டையும் அப்படியே ஒரே நகலாக (இமேஜ்) எடுத்து, நல்ல கார்டில் எழுதுங்கள். வெறுமனே ஃபைல்களை இழுத்துப் போட்டால் ஸ்டிக் தொடங்காமலே (பூட் ஆகாமல்) போகலாம், கவனம்.

மூத்தவன்_கோவை:
இதே கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. ராஜா, 1,900 ரூபாயைப் பத்தாயிரத்தால் வகுத்துப் பாருங்கள், ஒரு கேமுக்கு 19 பைசா. அந்தக் கேம்களைச் செய்தவர்களுக்கு அதிலிருந்து ஒரு பைசாவும் போகவில்லை. நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கருதிப் பாதுகாக்கிறது. காசு கொடுத்துக் கேம் வாங்குங்கள், இந்தத் தொல்லையே வராது.

நெல்லை_அருண்:
ஐயா, அவர் கேட்டது கோளாறைப் பற்றி. ஆனாலும் விலைப் பேச்சை எடுத்துவிட்டீர்கள், சொல்கிறேன். சோனியின் கேம் மெஷினான பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தது 2021 பிப்ரவரியில், அப்போது டிஸ்க் மாடல் 49,990 ரூபாய். சோனியின் புது கேம் ஒன்று 4,999. பத்து கேம் வாங்கினால் இன்னொரு மெஷின் விலை. அமெரிக்காவில் 70 டாலர் என்பதை அப்படியே ரூபாயாக்கி நம் தலையில் வைத்தார்கள். இங்கே சம்பளம் டாலரிலா வருகிறது?

மூத்தவன்_கோவை:
மெஷின் விலையையும் கேம் விலையையும் ஒப்பிடுவதே தவறு. சிப் என்பது லட்சக்கணக்கில் அச்சடிக்கும் பொருள், எண்ணிக்கை கூடக்கூட விலை இறங்கும். ராஸ்பெர்ரி பை ஸீரோ 2015-இல் 5 டாலருக்கு வந்தது, அது முழுக் கணினி. கேமை நூற்றுக்கணக்கான பேர் வருடக்கணக்கில் உட்கார்ந்து செய்கிறார்கள். 90களில் சூப்பர் நின்டெண்டோ மெஷினில் சொருகும் கேம் பெட்டி (கேட்ரிட்ஜ்) சிலவற்றின் விலையே 70, 80 டாலர். இன்றைய மதிப்பில் அது இரண்டு மடங்குக்கு மேல். கேம் விலை உண்மையில் இறங்கியிருக்கிறது, தம்பி.

நெல்லை_அருண்:
கேட்ரிட்ஜுக்குள் சிப் இருந்தது, அதற்குச் செலவு இருந்தது. இப்போது டவுன்லோடு. டிஸ்க் இல்லை, பெட்டி இல்லை, கடை வாடகை இல்லை, விலை மட்டும் அதே. விளையாடி முடித்தால் பாதி விலைக்கு விற்கவும் வழியில்லை. டிஸ்க்காவது கைமாறும். எங்கள் தெருவில் ஒரே கால்பந்து டிஸ்க் ஆறு வீடு சுற்றியது.

கரூர்_தேவி:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். 4,999-க்கும் 19 பைசாவுக்கும் நடுவிலும் கேம் இருக்கிறது. கணினி கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் 2015-இலிருந்து ரூபாயிலேயே விலை போடுகிறார்கள். ஸ்டார்டியூ வேலி என்கிற பண்ணை கேமை எரிக் பரோன் தனி ஆளாக நான்கு வருடத்துக்கு மேல் உழைத்துச் செய்து 2016-இல் வெளியிட்டார். நான் ஐந்நூறு ரூபாய்க்குள்தான் வாங்கினேன். வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்பிலேயே ஓடுகிறது. என் மகள் இரண்டு வருடமாக அதில் பரங்கிக்காய் போட்டுக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகளுக்கு எண்ணிக்கை முக்கியமே இல்லை. பத்தாயிரத்தில் அவர்கள் திரும்பத் திரும்ப விளையாடுவது நாலைந்துதான்.

மூத்தவன்_கோவை:
விலையை அந்தந்த நாட்டு வருமானத்தைப் பார்த்து வைக்க வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை, தேவி. திருட்டுப் பிரதிக்கு அது நியாயம் ஆகாது என்பதுதான் என் பேச்சு.

சிவகாசி_மணி:
ராஜா, நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. கரன்ட் எங்கிருந்து?

வல்லம்_ராஜா:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். டிவிக்குப் பின்னால் இருக்கும் யுஎஸ்பி ஓட்டையில்தான் சொருகியிருக்கிறேன். பென் டிரைவ் போடும் இடம். பழைய 32 அங்குல டிவி. எல்லா கேமிலும் இப்படித்தான். மாடல் பெயர் எதுவும் எழுதவில்லை.

சிவகாசி_மணி:
அப்படிச் சொல்லுங்கள். யுஎஸ்பி 2.0 ஓட்டை 500 மில்லி ஆம்பியருக்குத்தான் கணக்கு. பட்டியலைக் காட்டும்போது ஸ்டிக்குக்கு வேலை குறைவு, தாங்கும். கேம் ஓட ஆரம்பித்ததும் கரன்ட்டை இழுக்கும். வோல்டேஜ் இறங்கும், சிப் அணைந்து மறுபடி எழும். உங்கள் போன் சார்ஜரில் 5 வோல்ட் 2 ஆம்பியர் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறதா பாருங்கள். ஸ்டிக்கின் பவர் ஒயரை டிவியிலிருந்து எடுத்து அந்தச் சார்ஜரில் சொருகி, சுவர் பிளக்கில் போடுங்கள். ஒயரும் மெல்லிசாக இருந்தால் மாற்றிவிடுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் செல்வம் சொன்ன கார்டைப் பார்க்கலாம்.

மெமரிகார்டு_செல்வம்:
கரன்ட் அடிக்கடி போனாலே கார்டும் கெடும். சரியானாலும் நகல் எடுத்து வையுங்கள்.

நெல்லை_அருண்:
மூத்தவரே, திருட்டை நான் நியாயப்படுத்தவில்லை. 4,999 கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளையும் விளையாட ஆசைப்படும் என்கிறேன். அதற்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை.

வல்லம்_ராஜா:
மணி அண்ணா, சார்ஜரில் போட்டேன். முக்கால் மணி நேரமாக அணையவில்லை. பையன் கார் ரேஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறான். ரொம்ப நன்றி. தேவி அக்கா, அந்தப் பண்ணை கேமுக்கு லேப்டாப்பில் எவ்வளவு ரேம் வேண்டும்?