கால் குடைச்சலும் வியாழக்கிழமை வகுப்பும்

பாலைவனத்து டாக்டர்:
தூர இருக்கும் நிபுணரிடம் வீடியோவில் கேட்டு வைத்தியம் பார்த்த அனுபவம் இங்கே யாருக்காவது உண்டா? என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் வெட்கத்தோடுதான்.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோவின் கிழக்கு ஓரம், சிற்றூர், குடும்ப டாக்டர். பயிற்சி முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பவேண்டும் என்ற ஜே-1 விசா விதியிலிருந்து விலக்கு கிடைப்பதற்காக, டாக்டர் பஞ்சம் உள்ள ஊரில் 3 வருடம் வேலை பார்க்க வந்தவன், இங்கேயே தங்கிவிட்டேன். தூக்க நிபுணரைப் பார்க்க அல்புகர்க்கி போகவேண்டும், காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல். அதனால் "தூக்கம் வரலை டாக்டர்" என்று வந்தால் கை தானாக மாத்திரை எழுதும்.

அப்படி ஒரு அம்மாவுக்கு இரண்டு வருடம் மாற்றி மாற்றி எழுதினேன். போதாததற்கு அவரும் கடையில் டைஃபென்ஹைட்ரமைன் (தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரை) வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். தூர ஊர் டாக்டர்களுக்கு நிபுணர்கள் வீடியோவில் நடத்தும் 'எக்கோ' என்ற வியாழன் மதிய வகுப்பில் பெயர், ஊர் சொல்லாமல் அவர் கேஸை வைத்தேன். நிபுணர் கேட்டது இரண்டே கேள்வி: "படுத்ததும் கால் என்ன செய்கிறது? ஃபெரிட்டின் எவ்வளவு?"

ஃபெரிட்டின் என்றால் உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு இருப்பு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை. இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. இருபது பேர் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்!

மறுநாள் அந்த அம்மாவிடம் கேட்டால், "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், எழுந்து நடந்தா அடங்கும். இதையெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லணுமான்னு விட்டுட்டேன்" என்கிறார். ஃபெரிட்டின் 18. கால் குடைச்சல் நோயில் 75 வரை இருந்தாலே இரும்புச்சத்து கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். கடை மாத்திரையோ அந்தக் குடைச்சலைக் கூட்டும் வகை. அதை நிறுத்தி, இரும்புச்சத்து ஆரம்பித்தேன். மூன்றாவது மாதம் வந்தவர் காலைப் பற்றிப் பேசவே இல்லை, பேத்தியைப் பற்றிப் பேசினார்.

இந்த 'எக்கோ' முறை பிறந்ததும் அல்புகர்க்கியில்தான். 2003-ல் டாக்டர் சஞ்சீவ் அரோரா ஹெபடைடிஸ் சி நோய்க்காக ஆரம்பித்தார். அவர் கிளினிக்கில் இடம் கிடைக்க எட்டு மாதம் ஆகுமாம். நோயாளியை நகரத்துக்கு வரவழைக்காமல் ஊர் டாக்டருக்கே கற்றுக்கொடுத்தார். 2011-ல் வந்த ஆய்வில் நகரத்து கிளினிக், ஊர் டாக்டர் என இரண்டு பக்கமும் குணமானவர்கள் ஏறக்குறைய 58 சதவீதம்.

மாஸ்க்காரர்:
நான் திரைக்கு அந்தப் பக்கம், சொல்லிக்கொடுக்கும் கூட்டம். எங்களிடம் வரும் கேஸில் பாதி "சிபேப் கொடுத்தோம், போட மாட்டேங்கிறார்" ரகம். தூக்கத்தில் மூச்சடைப்பவர்களுக்கு மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தும் மெஷின்தான் சிபேப். இன்சூரன்ஸ் கணக்கு ராத்திரிக்கு 4 மணி நேரம், 70 சதவீத நாட்கள். அதற்குக் குறைந்தால் மெஷினைத் திருப்பி எடுத்துவிடுவார்கள். மாஸ்க்கை மாற்று, மூக்கடைப்பைக் கவனி, காற்றில் ஈரம் கூட்டு என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். நவஹோ பழங்குடியினர் பகுதியில் வேலை பார்க்கும் நர்ஸ் அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவர் வீட்டில் கரன்ட் கிடையாது." அங்கே மின் இணைப்பே இல்லாத வீடுகள் இன்றும் ஆயிரக்கணக்கில். அன்றைக்குக் கற்றுக்கொண்டது நான். பேட்டரிக்கு எழுதினோம்.

கிளினிக் நைட்டிங்கேல்:
தேனிப் பக்கம் சொந்த கிளினிக் வைத்திருக்கிறேன். வகுப்பெல்லாம் சரி சார், டோக்கன் அறுபது ஓடும்போது யார் உட்கார்ந்து கேட்பது? இங்கே வருபவர்கள் தூக்கத்துக்கு அல்பிரசோலம் மாத்திரையைப் பெயர் சொல்லியே கேட்கிறார்கள். போன வாரம் ஒரு லாரி டிரைவர், சுகர், பிரஷர் ரெண்டும், பெஞ்சில் உட்கார்ந்தபடியே குறட்டை. அவரும் தூக்க மாத்திரைதான் கேட்டார்.

பாலைவனத்து டாக்டர்:
கொடுத்துவிடாதீர்கள் மேடம். தூக்கத்தில் மூச்சடைப்பு இருந்தால் அந்த மாத்திரை இன்னும் கெடுக்கும். அந்த மூச்சடைப்பு இருக்குமா என்று பார்க்கும் எட்டுக் கேள்வி ஸ்டாப்-பேங்க் தாளை நர்ஸிடமே கொடுத்துவிடுங்கள், இரண்டு நிமிடம்கூட ஆகாது. மூன்று 'ஆமாம்' வந்தாலே சந்தேகம், ஐந்து வந்தால் பரிசோதனைக்கு அனுப்பியே ஆகவேண்டும். கழுத்தளவும் அதில் ஒரு கேள்வி, 40 செ.மீ. தாண்டுகிறதா என்று. மேசையில் ஒரு டேப் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளினிக் நைட்டிங்கேல்:
தையல்காரர் டேப் இருக்கு. செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கேன், சம்சாரத்தையும் கூட்டிட்டு வரச் சொன்னேன். மூச்சு நிக்குதான்னு அவங்களுக்குத்தானே தெரியும்.